இரண்டு வீட்டுக்காரர்

சிவசைலத்துக்கு ஓய்வு கிடைத்த நாளிலிருந்து ஓய்வே இல்லை.

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம். கம்பத்தில் ஏறுகிறவராகச் சேர்ந்து, மற்றவர்களைக் கம்பத்தில் ஏறச் சொல்கிறவராக வெளியே வந்தவர். வெளியே வந்த மறுவாரமே, எதையாவது மாற்ற வேண்டும் என்று மனிதருக்கு ஒரு நமைச்சல். முதலில் மீசையை எடுத்தார். காபியை விட்டுப் பச்சைத் தேநீருக்குப் போனார். நாலு நாள் குடித்துவிட்டு ஐந்தாம் நாள் அதை முருங்கை மூட்டில் ஊற்றினார். மெல்லிசு ஃபிரேமில் ஒரு புதுக் கண்ணாடி வாங்கினார். அதில் முகம் நன்றாகத் தெரிந்தது, எழுத்துதான் தெரியவில்லை.

மனைவி வடிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை போன அன்று மட்டும், "விளக்கி வச்ச சட்டி மாதிரி இருக்கு மூஞ்சி" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த நமைச்சலில்தான் அவருக்கு ஒரு குருவும் கிடைத்தார்.

குரு ஒரு பெண், வயது முப்பத்தாறு. பெயர் பல்கீஸ். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கும் ஒரு ஜூஸ் கடைக்கும் நடுவே, ஏழடி அகலத்தில், நூர் மொபைல் கேர் என்று செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சிவசைலத்தின் போன் ஒருநாள் குளியலறை வாளியில் விழுந்தது. யாரோ சொன்னார்கள் என்று அதை ஒரு படி அரிசிக்குள் புதைத்து, தூக்குவாளியோடு கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

பல்கீஸ் உள்ளே பார்த்தார். "அரிசியை வடிச்சுச் சாப்பிடுங்க அண்ணாச்சி. போனை இங்க குடுங்க" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் போனுக்கு உயிர் வந்தது. சிவசைலம் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு ஸ்டூல் எடுத்துக்கொண்டு வந்து, தொழில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். பல்கீஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. கடையைக் கூட்டுவார், டீ வாங்கி வருவார், சொன்னால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவார். குருவே என்றுதான் கூப்பிடுவார்.

பல்கீஸ் அதிகம் பேசமாட்டார். அதில் ஞானம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும். வாய் ஆடினால் கையும் ஆடும், கை ஆடினால் போர்டு போய்விடும். ஆனால் சிவசைலத்துக்கு அந்தச் சுருக்கமே பெரிசாகப் பட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் குருமொழி என்று எழுதி, எண் போட்டு, கீழே தன் உரையையும் சேர்த்து வந்தார். எண் ஏழு: 'சூடா இருக்கும்போது தொடாதீங்க, ஆறட்டும்.' இது கோபத்தைப் பற்றியது என்று உரை. குரு சொன்னது சால்டரிங் கம்பியைப் பற்றி.

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. பெங்களூரில் இருக்கும் மகள் கோமதி புதுப் போன் வாங்கிவிட்டு, தான் வைத்திருந்த ஐபோனை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். சிவசைலம் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி." கண் மைக்ராஸ்கோப்பில்தான் இருந்தது.

"பத்து வருஷமா ஆண்ட்ராய்டுலயே இருந்துட்டேன். இப்ப ஐபோன் வந்திருக்கு. அது வேற உலகம்ங்காங்க. அதுல போயிட்டா ஆளே மாறிருவோம்ங்காங்க. மாறலாமா, வேண்டாமா?"

"வீட்டுல கேட்டீயளா?"

சிவசைலத்துக்குப் புல்லரித்துவிட்டது. நோட்டை எடுத்தார். எண் நாற்பத்தொன்று. 'அறம், பொருள், இன்பம் மூன்றையும் தாண்டியது வீடு. எந்த மாற்றத்துக்கும் முன்னால் மனிதன் தன் வீடுபேற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார் குரு. போனைக் கேட்டவனுக்கு முக்தியைக் காட்டுகிறார்.' இப்படி ஒன்றரைப் பக்கம் போயிற்று.

குரு வீடு என்று சொன்னது அவர் பெண்சாதியை. போனை மாற்றிவிட்டு மறுநாள் மனைவியோடு வந்து கடை வாசலில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பல்கீஸ் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் யார் போனை மாற்ற வந்தாலும் கேட்கிற கேள்விதான் அது.

வீட்டில் கேட்கவில்லை. அதை மட்டுமா? இன்னொன்றையும் கேட்கவில்லை.

சமாதானபுரத்தில் இருக்கிற தன் வீட்டை விற்க மூன்று வாரமாக அவர் ரகசியமாக ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கூட நடக்கிற பொன்னுத்துரை, நாலாவது மாடியில் லிஃப்ட் வைத்த பிளாட்டுக்குக் குடிபோயிருந்தான். அன்றிலிருந்து நமைச்சல் வீட்டின் மேல் தாவிவிட்டது. ஐசக் என்று ஒரு புரோக்கரைப் பிடித்தார். முடிந்தபிறகு வடிவிடம் சொல்லிக்கொள்ளலாம், முன்னாலேயே சொன்னால் நூறு கேள்வி கேட்பாள் என்பது அவர் கணக்கு.

பல்கீஸ் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"என்னென்ன அங்க போகணும்?"

"பேரெல்லாம் போகணும்."

"போட்டோ?"

"போகணும்."

"வாட்ஸ்அப்புல பேசினது?"

"அதுக்கு நேரமாகுமோ?"

"ரெண்டு மணி நேரம்."

"வேண்டாம் குருவே. பழைய பேச்சு என்னத்துக்கு? புது ஆளாப் போறேன்."

பல்கீஸ் தலையை நிமிர்த்தி அவரை ஒருமுறை பார்த்தார். அன்றைக்கு முதன்முறையாக. பிறகு பேர்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். ஆயிரத்துச் சொச்சம் பேர். பீஸ்கட்டை பீட்டர், மீட்டர் மூக்காண்டி, டிரான்ஸ்பார்மர் தங்கம், பல்லு, பால், பழைய பால். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அண்ணாச்சி, உங்களுக்கு ரெண்டு வீடா?"

ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிவசைலத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"மெதுவா, குருவே. அப்படியெல்லாம் இல்ல. ஒண்ணு என் வீட்டுக்காரி. இன்னொண்ணு வீட்டு விஷயமா ஒரு புரோக்கரு. ரெண்டையும் வீடுன்னு போட்டு வச்சிருக்கேன்."

"பேரைப் போட்டிருவோம்?"

"என்னத்துக்கு? மேல இருக்கது வீட்டுக்காரி, கீழ இருக்கது புரோக்கரு. எனக்கு இடம் தெரியும். கம்பத்துல எந்தக் கம்பி எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், இது தெரியாதா?"

"இது புதுக் கம்பம் அண்ணாச்சி."

அதை அவர் நோட்டில் எழுதவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வந்தது. புதுப் போனில் மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயுமாக உட்கார்ந்திருந்தது. பழைய பேச்சு ஒன்றும் இல்லாததால் இரண்டு வீடும் வெள்ளையாகக் கிடந்தன. படத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாம். வடிவின் படம் பொங்கல் கோலத்தோடு தங்கள் வீட்டு வாசல். ஐசக்கின் படமும் ஏதோ ஒரு வீட்டு வாசல். மெல்லிசு ஃபிரேமுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மைதானத்தில் நடந்து முடித்துவிட்டு, மேலே இருந்த வீட்டுக்கு ஒரு செய்தி போட்டார்: 'இன்னைக்கு கீரை வேண்டாம். வாயுவா இருக்கு. கோவிச்சுக்காத.'

சற்று நேரத்தில் ஐசக் கூப்பிட்டார். ஒரு பார்ட்டி வந்திருக்கிறது, வீட்டைப் பற்றி உள்ளது உள்ளபடி நாலு வரி எழுதி அனுப்புங்கள் என்றார். சிவசைலம் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, கீழே இருந்த வீட்டுக்கு அனுப்பினார்:

'பழசுதான். 34 வருஷம் ஆச்சு. முன்பக்கம் பாத்தா தெரியாது. உள்ளே ஒழுகல் உண்டு. சத்தம் ஜாஸ்தி, போகப் போகப் பழகிரும். இனிமே பராமரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நல்ல ஆள் வந்தா பேசி முடிச்சிருங்க. வீட்டுல சொல்லாதீங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

ஒரு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. 'சரி.'

ஐசக் தங்கமான மனுஷன், வளவளவென்று பேசமாட்டான் என்று சிவசைலம் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் இலையில் கீரை இருந்தது.

"வேண்டாம்னு போட்டேன்லா?" என்றார்.

வடிவு இன்னொரு கரண்டி கீரையை வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. வடிவு சாதாரணமாகக் கதவைச் சாத்தினால் தெருவுக்குக் கேட்கும். இப்போது பூனை மாதிரி நடந்தாள். பாத்திரம் விளக்கினால் சத்தம் இல்லை, தொலைக்காட்சியில் சத்தம் இல்லை. முன்னறையில் ஒழுகுகிற இடத்துக்கு நேராக ஒரு வாளியை வைத்தாள். அது நிறைந்தால் எடுத்துப்போய் ஊற்றிவிட்டு, அவர் கண்ணில் படும்படி திரும்ப வைத்தாள். சிவசைலத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கீரைக்கா இவ்வளவு கோபம் என்று பார்த்தார்.

புதன்கிழமை காலையில் வடிவு வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பாக்க வாரவங்கல்லாம் வந்து பாத்து முடிக்கட்டும். அதுவரைக்கும் இங்கன எதுக்கு நான், சத்தம் போட்டுக்கிட்டு?"

கல்யாணமான முப்பத்துநாலு வருஷத்தில் பிரசவத்துக்குத் தவிர அவள் ஒரு ராத்திரி வெளியே தங்கியது கிடையாது. சிவசைலத்துக்கு அது ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் குருவின் கடையில் ஒரு போனின் பின்மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது ஐசக் வந்து சேர்ந்தார். முகத்தில் ஒரு தயக்கம்.

"சார், நாலு வரி கேட்டேன். இன்னும் வரலை."

"திங்கட்கிழமையே போட்டேனே. நீரும் சரின்னு போட்டீரே."

"நான் போடல சார். எனக்கு வந்தது வேற." ஐசக் தன் போனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "கீரை வேண்டாம்னு போட்டிருந்தீங்க. கோவிச்சுக்காதன்னும் இருந்தது. நான் கோவிச்சுக்கல சார். எங்க வீட்டுல அன்னைக்குக் கீரையே வாங்கல. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோமேன்னு வந்தேன்."

சிவசைலம் மெல்லிசு ஃபிரேமைக் கழற்றிவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பொங்கல் கோலம் தெரிந்தது. அதற்குக் கீழே, தான் எழுதிய அத்தனையும் தெரிந்தது. பழசுதான். ஒழுகல் உண்டு. சத்தம் ஜாஸ்தி. பேசி முடிச்சிருங்க. ஒவ்வொன்றும் வடிவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அப்புறம் கடைசி வரியைப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

"குருவே," என்றார். போனைப் பல்கீஸிடம் நீட்டினார்.

பல்கீஸ் படித்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கடைசி வரிக்கு வந்ததும் அடக்குவதற்குச் சிரிப்பே இல்லை.

"நான் வாரேன் சார், அப்புறம் பேசிக்கிடலாம்" என்று ஐசக் நழுவினார். அவர் படி இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. ஜூஸ் கடைத் தகரத்தில் சடசடவென்று கொட்டியது.

சிவசைலம் சட்டென்று போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"நான் வெளிய இருக்கும்போது மழை பெஞ்சா அவகிட்டருந்து ஒண்ணு வரும். 'மழை. கம்பத்துல ஏறிராதீய'ன்னு போடுவா. நான் சரின்னு போடுவேன். பத்து வருஷமா இது ஒண்ணுதான் எங்களுக்குள்ள பேச்சு."

"நீங்க கம்பத்துல ஏறி எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினெட்டு."

மழை இன்னும் வலுத்தது. போன் சும்மா இருந்தது. பழைய பேச்சு என்னத்துக்கு என்று இதே ஸ்டூலில் உட்கார்ந்து தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுபது வயதில் பஜாரில் உட்கார்ந்து அழக்கூடாது என்பதற்காக மூக்கைச் சிந்தினார்.

"குருவே, எனக்கு இது ஒத்துவரல. பழையதுக்கே போயிருதேன். எல்லாத்தையும் திருப்பி அதுலயே போட்டுக் குடுத்திருங்க. அது எனக்குப் பழக்கம். அதுல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. எனக்கு எதுதான் சரி, அதையாவது சொல்லுங்க."

பல்கீஸ் ஐபோனை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். அவர் கடையிலேயே விட்டுவைத்திருந்த பழைய போனையும் எடுத்து அதோடு வைத்தார். இழுப்பறையைப் பூட்டினார். பிறகு கடையில் சோதனைக்கென்று வைத்திருந்த பட்டன் போன் ஒன்றைத் துடைத்து அவர் முன்னால் வைத்தார். அதில் கடை சிம் இருந்தது, பேர் ஒன்றும் கிடையாது.

"வீட்டுக்காரம்மா நம்பரைச் சொல்லுங்க. நான் போட்டுத் தாரேன்."

சிவசைலம் வாயைத் திறந்தார்.

"தொண்ணூத்து நாலு..." என்றார். "இல்ல, தொண்ணூத்தெட்டு. நடுவுல ஒரு மூணு வரும்."

பல்கீஸ் அதுவரை அழுத்தியதை அழித்தார்.

"எங்க வீட்டுக் கரண்டு சர்வீஸ் நம்பர் தெரியும், குருவே. வேணும்னா சொல்லுதேன். இந்த ஊர்ல எந்த டிரான்ஸ்பார்மருக்கு என்ன நம்பர்னு கேளுங்க, அத்தனையும் தலைகீழாச் சொல்லுவேன்."

"அது இல்ல நான் கேட்டது."

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். பத்து வருஷமாக மேலே இருந்ததை அழுத்தியிருக்கிறார். நம்பர் என்று ஒன்று அதற்கு இருப்பதையே அவர் பார்த்ததில்லை.

"சரி, வீட்டுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டார் பல்கீஸ்.

"தெரியும்."

"பொறவு இங்கன என்ன செய்யுதீய?"

அவர் எழுந்தார். குடையை எடுக்க மறந்து, நோட்டையும் ஸ்டூலிலேயே விட்டுவிட்டு, மழையில் இறங்கி நடந்தார்.

சமாதானபுரம் போய்ச் சேர்ந்தபோது வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. வடிவு கட்டிலில் பையைத் திறந்து வைத்து, சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் நிலைப்படியிலேயே நின்றார். உடம்பிலிருந்து ஒரு பக்கம் தண்ணீர் சொட்டியது, கூரை மோட்டிலிருந்து வாளியில் ஒரு பக்கம் சொட்டியது.

"ஏட்டி, இந்த வீட்டை விக்கலாம்னு இருக்கேன்."

"தெரியும்."

"வீட்டுல சொல்லுதேன்."

வடிவின் கை நின்றது.

"இப்பவா?"

"இப்பதான்."

அவள் சேலையை மடித்து முடித்தாள். பையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"விக்கணும்னா வித்துத் தொலைங்க. ஒழுகுத வீட்டைக் கட்டிக்கிட்டு எனக்கு மட்டும் என்ன ஆசை? வாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. லிஃப்ட் வச்ச வீடுன்னா எனக்கும்தான் நல்லது. பொன்னுத்துரை பொண்டாட்டி வந்து சொன்னப்பவே நினைச்சேன், உங்ககிட்டச் சொல்லணும்னு. நீங்க மாட்டேன்னுருவீயன்னு விட்டுட்டேன்."

சிவசைலம் விழித்தார்.

"நீங்க எழுதுனதைப் படிச்சேன். பழசு, ஒழுகுது, சத்தம். சரி, வீட்டைத்தான் சொல்லுதாருன்னு ரெண்டாந்தரம் படிச்சதுமே விளங்கிப் போச்சு. நான் என்ன கூறுகெட்டவளா? கீழ ஒண்ணு போட்டிருந்தீயளே, அவளுக்குத் தெரிய வேண்டாம்னு. அந்த அவ யாருன்னுதான் நாலு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் நிலைப்படியிலிருந்து உள்ளே வந்தார். பிறகு கேட்டார்.

"உன் நம்பரைச் சொல்லு."

"என்னத்துக்கு?"

"மனப்பாடம் பண்ணணும்."

வடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷமும் தெரியாதா என்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். ஏழாவது எண்ணில் தப்பியது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் ஏழிலேயே தப்பியது. "ஆறு வந்த பிறகு எட்டு. டிரான்ஸ்பார்மர் நம்பர்னு நினைச்சுக்கோங்க" என்றாள். பத்தும் ஒழுங்காக வருவதற்குள் வாளி நிறைந்துவிட்டது. அவரே போய் அதை எடுத்து ஊற்றிவிட்டு வந்தார்.

வடிவு ஒரு துண்டை அவர் மேல் வீசினாள்.

"தலையைத் துவட்டுங்க. மழையில எங்க போய் நின்னுட்டு வாரீய?"

"கம்பத்துல ஏறல" என்றார் சிவசைலம்.

அவள் சிரிக்கவில்லை. பையில் இருந்த நாலு சேலையில் மூன்றை எடுத்துப் பீரோவில் வைத்தாள். "அக்காகிட்ட வாரேன்னு சொல்லியாச்சு. போயிட்டு நாளைக்குச் சாயங்காலம் வந்திருதேன்" என்றாள். பீரோக் கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை வடிவை ஆறரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பத்து மணிக்குச் சிவசைலம் கடைக்கு வந்தார். ஸ்டூலில் நோட்டு அப்படியே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் இரண்டு நாள் மீசை முளைத்திருந்தது. பழைய கண்ணாடி மூக்கில் இருந்தது.

பல்கீஸ் இழுப்பறையைத் திறந்து, இரண்டு போன்களையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் பட்டன் போனும் கிடந்தது. பிறகு கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டார்.

சிவசைலம் இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குருவே, இப்பவாவது சொல்லுங்க. பழையதுலயே இருக்கட்டுமா, புதுசுக்கு மாறட்டுமா?"

"வீட்டுல கேட்டீயளா?" என்றார் பல்கீஸ்.

சிவசைலம் நோட்டைத் திறக்கவில்லை. பட்டன் போனைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்த ஆரம்பித்தார். ஏழாவதில் விரல் நின்றது. கொஞ்சம் யோசித்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து அழுத்தினார்.